கறுப்பு வெள்ளையில் அக்கா

பாலக்காடு
நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

ஜிபின் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

உன் நம்பருக்குப் போட்டால் பாதி மணியிலேயே அறுந்துபோகிறது. நீ என்னை பிளாக் செய்துவிட்டாய் என்பது பிறகுதான் புரிந்தது. மத்தியாஸ் அத்தானைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். “மாப்ள, உன் பேரச் சொன்னாலே உங்கக்கா அருவாளத் தேடுதா. பொண்டாட்டிக்கும் மச்சினனுக்கும் நடுவுல என்னைய நிறுத்தாத. லெட்டர் போடு, எம்புட்டுக் கோவம்னாலும் எழுத்துன்னா வாசிச்சிருவா” என்று சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதனால் இந்தக் கடிதம்.

அக்கா, நான் உன்னைச் சாகடிக்கவில்லை. ஒரு போஸ்டர்தான் போட்டேன்.

ஜவுளிக்கடையில் பொம்மைகளுக்குச் சேலை கட்டிக் கட்டி எனக்கு அலுத்துவிட்டது. பாலக்காட்டில் ஃபேஷன் ஷோ என்றால் ஏதாவது கடைத் திறப்புக்குக் கொச்சியிலிருந்து நாலு பேர் வந்து நடந்துவிட்டு அன்றைக்கே ரயிலேறிவிடுவார்கள். இந்த ஊர்த் துணியில், இந்த ஊர்த் தையலில், இந்த ஊர் ஆட்களே நடக்கிற மாதிரி ஒன்று நடத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. அதே ஆசையோடு இன்னொருத்தி கிடைத்தாள். பேர் ஸ்ரீலேகா, கல்பாத்திப் பெண், பாங்க்கில் வேலை. கடைக்கு வந்து நான் கட்டிய பொம்மையின் மடிப்பு சரியில்லை என்று சண்டை போட்டாள். அப்படித்தான் பழக்கம்.

ஆகஸ்டில் நான் வண்டன்மேட்டுக்கு வந்தபோது ஏலத்தோட்டத்தில் உன்னை ஒரு படம் எடுத்தேன், ஞாபகம் இருக்கும். சேலைக்கு மேல் அத்தானின் பழைய முழுக்கைச் சட்டை, அட்டைப் பூச்சி கடிக்காமல் இருக்க முழங்கால் வரை அட்டைச் சாக்ஸ், தலையில் பிளாஸ்டிக் தாள், இடுப்பில் காய்ப்பை. செடியின் அடியில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஷோவுக்கான உடுப்பு அத்தனையும் வரைந்தேன். மொத்த வரிசைக்கும் ‘அன்னாள்’ என்று உன் பேரையே வைத்தேன். ஒரு மாதமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரத்தில் ஒரு ஏலப்பூவை வைத்து, கீழே உன் பேரைப் பெரிதாகப் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்து ஊரெல்லாம் கட்டினேன். பெரிய பத்திரிகைகளில் அப்படித்தான் வரும். நம் பக்கத்தில் ஒரு முகத்தைக் கறுப்பு வெள்ளையில் ஃப்ளெக்ஸில் போட்டு மூலையில் பூ வைத்தால் என்ன அர்த்தம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியாமல் போயிற்று. யாரோ அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்க, அடியில் இருந்த ‘ஃபேஷன் ஷோ, ஜனவரி 18’ வெட்டுப்பட்டு, உன் முகமும் பேரும் பூவும் மட்டும் மலையேறி உங்களிடம் வந்திருக்கின்றன.

எனக்கு வந்த அழைப்புகளை நான் பார்க்கவில்லை. கடையில் பொம்மை மாற்றிக்கொண்டிருந்தேன், போன் பையில் கிடந்தது. கோயிலில் மணி அடித்தார்கள் என்பதோடு அத்தான் நிறுத்திக்கொண்டார். மீதியை நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். திட்டியாவது எழுது.

உன் தம்பி
ஜிபின்


வண்டன்மேடு
நவம்பர் 29

தம்பி ஜிபினுக்கு,

செத்துப்போன அக்கா எழுதுவது.

நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். செத்தவள் போனில் பேசினால் நீ பயந்துவிடுவாய். எழுத்து என்றால் அந்தக் கஷ்டம் இல்லை.

அன்று நடந்ததைக் கேட்டுக்கொள். காலையில் மேல்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே போனுக்கு ரேஞ்ச் கிடையாது. கீழே கோயிலில் துக்க மணி அடித்தது. எல்லோரும் வேலையை நிறுத்திச் சிலுவை போட்டோம். யாரோ ஒரு ஆத்துமா என்று நினைத்து நானும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது அது.

கொஞ்ச நேரத்தில் சந்தனமேரி மேலே ஓடி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, அன்று காய்ச்சல் என்று லயத்து வீட்டில் படுத்திருந்தவள். மாரில் அடித்துக்கொண்டு என் பேரைச் சொல்லி அழுதுகொண்டே வந்தவள், எதிரே என்னைப் பார்த்ததும் அலறிக்கொண்டு செடிக்குள் விழுந்தாள். இறங்கிப் போய்ப் பார்த்தால் என் வீட்டு வாசலில் பந்தலுக்கு மூங்கில் இறக்குகிறார்கள். அத்தான் கட்டப்பனையில் ஆள் இறக்கப் போன இடத்தில் செய்தி கேட்டு அழுதுகொண்டே வந்திருக்கிறார். வளைவில் நான் நிற்பதைப் பார்த்து ஜீப்பை ஓடையில் இறக்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஜீப்புக்குத்தான் முன்பக்கம் நசுங்கியது. மணி அடித்த உபதேசியாரைப் பிடித்துக் கேட்டேன். “அடிச்ச மணியத் திரும்ப வாங்க முடியாதும்மா, கணக்குல இருக்கட்டும்” என்கிறார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரித்தும் விட்டேன். என்னால் சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. கேதத்துக்கு மாலையோடு வந்த ஒருத்தி, நான் உயிரோடிருப்பது தெரியாமல், பந்தல்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: “பாவம், செத்தவளுக்கு நல்ல சேல கட்டுன போட்டா ஒண்ணுகூடவா கெடைக்கல?”

எல்லோரும் போன பிறகு பெட்டியைத் திறந்து தேடினேன். ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், எல்லாப் படத்திலும் நான் இருக்கிறேன். ஓரத்தில் இருக்கிறேன். யார் பிள்ளையையாவது இடுப்பில் வைத்துக்கொண்டு, தோள் பாதி வெட்டுப்பட்டு. என் கல்யாணப் படத்திலேயே நீதான் நடுவில் நின்று அழுகிறாய். நான் மட்டும் தனியாக இருக்கிற ஒரே படம் நீ எடுத்தது. அதில் அட்டைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு குத்தவைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, தம்பி.

போஸ்டரை இறக்கு. இறக்கிவிட்டேன் என்று எழுது. மற்றது பிறகு.

இப்படிக்கு
போய்ச் சேர்ந்த உன் அக்கா
அன்னாள்

பி.கு.: ஷோவில் சாக்ஸும் போட்டுக்கொண்டு நடப்பார்களா என்று சந்தனமேரி கேட்கிறாள். எனக்கு அதில் அக்கறை இல்லை.


பாலக்காடு
டிசம்பர் 6

அக்கா,

இறக்கிவிட்டேன். கல்மண்டபத்திலிருந்து ஒலவக்கோடு வரை ஒன்றுவிடாமல் நானே ஏணி போட்டு இறக்கினேன். ஒலவக்கோட்டில் ஒன்றுக்கு யாரோ மாலையே போட்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் என் தோளைத் தட்டி, உன் அம்மாவா என்று கேட்டார். அக்கா என்றேன்.

உன் கடிதத்தை ஸ்ரீலேகாவிடம் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. உபதேசியார் வரை சிரித்தாள், பெட்டியைத் திறந்த இடம் வந்ததும் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இனி விஷயம். எங்களுக்கு ஹால் போய்விட்டது. முன்பணம் வாங்கிய கமிட்டியே ஷோ என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டது. ஸ்ரீலேகா அவர்களிடம் ஒரு மணி நேரம் வாதாடிவிட்டு வந்து சொன்னாள்: “அவாளுக்கு ஃபேஷன் ஷோன்னா உடுப்பைக் குறைக்கறதாக்கும்னு நினைப்பு. நாங்க சேலைக்கு மேல சட்டையும் போட்டு, காலுக்கு முட்டி வரைக்கும் சாக்ஸும் போடறோம்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா.”

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் வேறு ஹால் எல்லாம் முகூர்த்தத்துக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் கடைக்கு நாச்சம்மாள் என்று ஒரு அம்மா சேலை எடுக்க வந்தார். பெருமாட்டிக்காரர், தென்னந்தோப்பு உண்டு, வாளையாறில் சிமெண்ட் ஏற்றுகிற இரண்டு ட்ரெய்லர் லாரிக்குச் சொந்தக்காரர். என் முகத்தைப் பார்த்து என்ன சங்கடம் என்று கேட்டார், சொன்னேன். சேலையை முழுக்க விரித்து முந்தானை பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: “ஏனுங்க தம்பி, நடக்கறதுக்கு நீளமா ஒரு மேடைதானுங்க வேணும்? என்ற வண்டி ரெண்டும் பொங்கலுக்கு லோடு இல்லாம ஊட்டுலதான் நிக்கும். வாலும் வாலும் ஒட்டி நிறுத்திப்போட்டா நடந்துட்டே இருக்கலாமுங்க.”

அக்கா, நான் கடை என்றும் பாராமல் அவர் காலில் விழப்போனேன். ஒரு நிபந்தனை சொன்னார். அவரையும் நடக்க விட வேண்டுமாம்.

ஆக, ஜனவரி 18 ஞாயிறு மாலை, பெருமாட்டித் தோப்பில், இரண்டு ட்ரெய்லர் நீளத்துக்கு மேடை. நடப்பவர்கள் யார் தெரியுமா? ஸ்ரீலேகாவும் நாச்சம்மாளும் போக, ஒரு நர்ஸ், ஆட்டோ ஓட்டுகிற ஒரு அக்கா, சிமெண்ட் லோடு எழுதுகிற ஒரு பெண், சித்தூர்க் கல்லூரிப் பிள்ளைகள் சிலர். சந்தனமேரி அக்காவுக்குச் சொல்: சாக்ஸ் உண்டு. கசவுத் துணியில் தைத்திருக்கிறேன், முட்டிக்குக் கீழே ஜரிகை ஓரம் வரும்.

இரண்டு உதவி வேண்டும். நீ போட்டுப் பழகிய சட்டை ஒன்றிரண்டு அனுப்பு, புதுத் துணியில் அந்தத் தொய்வு எனக்கு வரவில்லை. இன்னொன்று, கடைசியாக மேடையில் நீ நடக்க வேண்டும். அந்தச் சட்டையில், அந்தச் சாக்ஸில், நீயே. வேறு யார் நடந்தாலும் அது நகல்தான்.

ஜிபின்


வண்டன்மேடு
டிசம்பர் 14

தம்பி,

ஹால் கமிட்டி கதையை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. நசுங்கிய ஜீப்பைச் சரி செய்த பிறகு இப்போதுதான் உன் பேரைக் கேட்டு அவர் சிரிக்கிறார்.

சட்டை மூன்று அனுப்பியிருக்கிறேன். துவைத்துத்தான் அனுப்பினேன். கை ஓரத்தில் கறுப்பாக இருப்பது ஏலக்காய்க் கறை, அது போகாது, நீ சோப்பை வீணாக்காதே.

நான் நடக்கமாட்டேன். காரணம் சொல்கிறேன், வருத்தப்படாமல் கேள். திங்கள் முதல் சனி வரை அந்தச் சட்டையில்தான் மலை ஏறி இறங்குகிறேன். அட்டைக் கடிக்குப் புகையிலைப் பொடி தடவி, மழையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, அதே உடுப்பில்தான் மதியக் கஞ்சியும் குடிக்கிறேன். ஞாயிறு ஒரு நாள்தான் அதைக் கழற்றி வைத்துவிட்டு மனுஷியாகக் கோயிலுக்குப் போகிறேன். நீ அந்த ஞாயிற்றுக்கிழமையையும் கேட்கிறாய். உனக்கு அந்த உடுப்பு அழகாகத் தெரிகிறது. நீ அதைக் கழற்றிவிட்டு ஊரைவிட்டுப் போனவன், உனக்கு அப்படித்தான் தெரியும். குற்றமாகச் சொல்லவில்லை. நன்றாகப் படித்து நல்லபடியாகப் போனாய், எனக்கு அதில் பெருமைதான்.

உன் பாங்க்காரி போட்டுக்கொண்டு நடக்கட்டும். இதுவரை அதைப் போடாதவர்கள் எல்லாம் போட்டு நடக்கட்டும். நான் பட்டுச்சேலை கட்டி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்த்தால் அது நியாயம். வருகிறேன் என்று எழுதவில்லை. நியாயத்தை எழுதினேன்.

சந்தனமேரிக்குச் சில சந்தேகங்கள். ட்ரெய்லர் அவ்வளவு உயரத்தில் இருக்குமே, எப்படி ஏறுவார்கள்? பாட்டு என்ன? பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி உண்டா, நிற்க வேண்டுமா? கசவு வெள்ளை, செம்மண் பட்டால் என்ன செய்வாய்? இவளோடு பெரிய தொல்லை. காய் எடுக்கும்போதும் இதே பேச்சு.

குடிலுக்கு வைக்கோல் பரப்ப வேண்டும், நிறுத்துகிறேன். கிறிஸ்துமஸ் அன்று பூசைக்குப் போ. போகாமலே போனேன் என்று எழுதாதே.

அக்கா
அன்னாள்


பாலக்காடு
டிசம்பர் 26

அன்புள்ள அக்கா,

பூசைக்குப் போனேன். சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்காதே.

சட்டைகள் வந்தன. பார்சலை பாங்க்குக்கே கொண்டுபோய்ப் பிரித்ததும் ஸ்ரீலேகாவின் மேஜையே ஏலக்காய் மணத்தது, கவுண்டரில் நின்றவர்கள் எல்லாம் பாயசம் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்களாம். சட்டையைப் போட்டுப் பார்த்து அவள் கழற்ற மறுத்துவிட்டாள். நீ சொன்ன நியாயத்தை அப்படியே ஒப்புக்கொண்டேன். கடைசி உடுப்பு அவளுக்கு, உன் சட்டையிலேயே.

சந்தனமேரி அக்காவின் சந்தேகங்களுக்கு: ஏறுவதற்குத் தேங்காய் பறிக்கிற ஏணி. பாட்டுக்குக் கல்லூரிப் பிள்ளைகளின் செண்டை, ஒவ்வொருவரும் மேடையேறும்போது டிரைவர் ஏர்ஹார்ன் ஒரு தரம் அடிப்பார். நாற்காலி உண்டு. செம்மண் பட்டால் பட்டதுதான்.

ஒத்திகை பார்க்கிறோம். நான் இத்தனை வருஷம் பொம்மைகளோடு பழகியவன். பொம்மை வியர்க்காது, சிரிக்காது, நடுவில் போன் எடுத்துப் பேசாது. ஸ்ரீலேகா பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி நடக்கிறாள். நாச்சம்மாள் நடக்கும்போதே குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறார். நர்ஸ் ஒருத்திதான் ஒழுங்காக நடக்கிறாள், அவளும் கையில் ஊசி இருக்கிற மாதிரி வருவதால் முன்னால் நிற்பவர்கள் விலகிவிடுகிறார்கள். ஆனால் அக்கா, சாயங்கால வெயிலில் அந்தச் சட்டைகள் வரிசையாக மேடையேறும்போது நான் மடிப்பைச் சரிசெய்ய மறந்து பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இது நடக்கப்போகிறது. நிஜமாகவே நடக்கப்போகிறது.

நீ வராவிட்டாலும் உனக்கு மரியாதை செய்யாமல் விடமாட்டேன். முன்வரிசை நடுவில் ஒரு நாற்காலி போட்டு, உன் பேரை எழுதி, காலியாகவே வைக்கப்போகிறேன். ஷோ முடிந்ததும் எல்லோரும் அந்த நாற்காலியைப் பார்த்து ஒரு நிமிஷம் எழுந்து நிற்பார்கள். யோசனை எப்படி?

ஜிபின்


வண்டன்மேடு
ஜனவரி 3

அடேய்,

உனக்கு யார் ஃபேஷன் டிப்ளமா கொடுத்தது? காலி நாற்காலியில் பேர் எழுதி வைத்து, எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பது எதற்கு என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையா? ஒரு தரம் சாகடித்தது போதாதென்று இரண்டாம் தரம் சாகடிக்கிறாய். இந்தத் தரம் இரங்கல் கூட்டமும் சேர்த்து.

அத்தானிடம் காட்டினேன். “அவன் பாசத்துல பண்ணுதான், ஆனா அவன் பாசம் பூராம் பொணத்து மேலயே போயி விழுது” என்கிறார்.

நாற்காலியில் என் பேரை எழுதினால் உன்னை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டேன். காலி நாற்காலியும் கூடாது. ஆள் உட்கார்ந்த நாற்காலிக்குப் பேர் எதற்கு?

தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரமாக நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே பொழுது சரியாக இருக்கும். என்னை எதிர்பார்க்காதே.

அன்னாள்

பி.கு.: பொள்ளாச்சியிலிருந்து பெருமாட்டிக்கு ஜீப் போகிற வழி எது என்று சந்தனமேரி கேட்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.


பாலக்காடு
ஜனவரி 8

சந்தனமேரி அக்காவுக்கு என்று வைத்துக்கொள்:

கம்பம்மெட்டு இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி. பொள்ளாச்சியில் மீனாட்சிபுரம் ரோட்டைப் பிடிக்க வேண்டும். கேரள எல்லை தாண்டியதும் யாரிடமாவது நாச்சம்மாள் தோப்பு என்று கேட்டால் போதும். இரண்டு ட்ரெய்லர் வாலோடு வால் ஒட்டி நிற்கும். தப்பவே தப்பாது.

நாற்காலியில் பேர் எழுதவில்லை.

ஜிபின்


பாலக்காடு
ஜனவரி 20

என் அக்காவுக்கு,

நீ வந்தாய். நீ பார்த்ததை உனக்கே எழுதப்போகிறேன். நீ பார்த்தது மேடையின் மேல்பக்கம். நான் கீழே இருந்தேன்.

மேடை தொடங்குகிற முனையில் கீழே நின்று, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஏறுகிறவர்களின் மடிப்பைச் சரிசெய்து ஏணியில் அனுப்புவது என் வேலை. தலையை நீட்டி எட்டிப் பார்த்தால் ஒழிய அங்கிருந்து எனக்குக் கால்கள்தான் தெரியும். தோப்பு நிறையக் கூட்டம். லாரி டிரைவர்கள், கல்பாத்தி மாமிகள், கல்லூரிப் பிள்ளைகள், மாட்டை மரத்தில் கட்டிவிட்டு வந்தவர்கள். முன்வரிசை மட்டும் காலி. நம் ஊர்ப் பழக்கம்தான், பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று யாரும் முன்னால் உட்காரமாட்டார்கள். உன் கடிதம் சொன்ன இரங்கல் கூட்டம் மாதிரியே இருந்தது.

அப்போது ஜீப் ஹார்ன் கேட்டது. அத்தானின் ஹார்ன் எனக்குத் தெரியாதா? எட்டிப் பார்த்தேன். ஜீப் நிறையப் பெண்கள், அத்தனை பேரும் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. முதலில் நீ இறங்கினாய். அரக்குப் பட்டு. யாரையும் வழி கேட்காமல், கூட்டத்தை விலக்கி, நேராக முன்வரிசைக்குப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தாய். நீ எழுதிய மாதிரியே கால்மேல் கால் போட்டாய்.

நாச்சம்மாளின் ஆட்கள் உங்களைச் சிறப்பு விருந்தினர் என்று நினைத்துவிட்டார்கள். இளநீர் கொடுத்து, பொன்னாடை போர்த்தினார்கள். நீயும் மறுக்காமல் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாய். துவைக்கிற துணியை விட்டுவிட்டு வந்தவளுக்குப் பொன்னாடை போட்டதில் தப்பே இல்லை.

பிறகு ஏர்ஹார்ன், செண்டை. கசவுச் சாக்ஸ் போட்ட கால்கள் ஒவ்வொன்றாக என் தலைக்கு மேல் போயின. நாச்சம்மாள் போகும்போது டிரைவர்கள் விசில் அடித்ததும், அவர் நின்று “நாளைக்கு லோடுக்கு இதே சுறுசுறுப்பு இருக்கோணும்” என்று சொல்லிவிட்டு நடந்ததும் நீயும் கேட்டிருப்பாய். கடைசியாக ஸ்ரீலேகா, உன் சட்டையில். பொம்மைக்குக் கட்டும்போது எனக்குக் கிடைக்காத தொய்வு அதில் இருந்தது. மேடையின் நுனியில் போய், காய் எடுக்கிற மாதிரி குத்தவைக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஒத்திகையில் சரியாகத்தான் செய்தாள். அன்று இத்தனை கண்ணைப் பார்த்துப் பயந்து நுனிக்காலில் தள்ளாட ஆரம்பித்தாள். ட்ரெய்லரிலிருந்து விழுந்தால் எலும்பு தேறாது. செண்டை நின்றுவிட்டது.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏ பிள்ள, நுனிக்கால்ல நிக்காத. குதிங்கால நல்லா ஊன்டிக் குத்தவையி. விழமாட்ட.”

இரண்டு மாதமாக நான் கேட்காத குரல். குண்டூசியோடு சிரித்ததில் உதட்டில் குத்திக்கொண்டேன். தோப்பே சிரித்தது, ஸ்ரீலேகாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே குதிங்காலை ஊன்றி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து உன் பக்கம் கையை நீட்டி, “நீங்களும் வாங்கோ” என்றாள்.

நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். செருப்பை நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டு, தேங்காய் ஏணியில் பட்டுச்சேலையோடு ஏறினாய். குத்தவைக்கவில்லை. கோயிலில் பீடத்துக்கு நன்மை வாங்கப் போகிற மாதிரி, அவசரமில்லாமல், இரண்டு ட்ரெய்லர் நீளத்துக்கும் நடந்து போய், நுனியில் நின்றாய். மேற்கு வெயில் முகத்தில் விழுந்தது. உன் இடுப்பில் யார் பிள்ளையும் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. நான் குண்டூசிகளைத் துப்பிவிட்டு நுனிப்பக்கம் ஓடி ஒரே ஒரு படம் எடுத்தேன்.

இறங்கிப் போகும்போது என் பக்கம் வந்தாய். என் கீழுதட்டில் ஒட்டியிருந்த கடைசிக் குண்டூசியை எடுத்து என் சட்டையில் குத்திவிட்டுப் போனாய். திங்கட்கிழமை வேலை என்று ஜீப் உடனே கிளம்பிவிட்டது. அந்தக் குண்டூசியை நான் இன்னும் எடுக்கவில்லை.

ஹால் கமிட்டிக்காரர் ஒருவர் பின்வரிசையில் நின்று பார்த்தாராம். அடுத்த வருஷம் ஹாலைத் தருகிறோம் என்று ஸ்ரீலேகாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். அவள் ட்ரெய்லர் போதும் என்று சொல்லிவிட்டாள்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கலரில்தான் போட்டிருக்கிறேன்.

உன் தம்பி
ஜிபின்


வண்டன்மேடு
ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

படம் வந்தது. உறையைப் பிரிக்கும்போது வீட்டில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்த்தேன்.

நன்றாக இருக்கிறேன், ஜிபின். என்னைப் பற்றி நானே எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். இந்த முகம் எனக்கு இருந்தது எனக்கே தெரியாது. அத்தான் வந்து பார்த்துவிட்டு முகம் கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார்.

இப்போது லயம் முழுக்க இதே பேச்சு. எல்லோருக்கும் தனியாக ஒரு படம் வேண்டுமாம். சந்தனமேரி ஊதாப் பட்டு எடுத்து வைத்துக்கொண்டு நீ எப்போது வருவாய் என்று கேட்கிறாள். இந்தத் தரம் நிஜமாகவே அவள்தான் கேட்கிறாள். வரும்போது கசவுச் சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டு வா. தோட்டத்துக்கு இல்லை, வீட்டில் போட்டுப் பார்க்கத்தான்.

ஏணியில் ஏறும்போது கால் நடுங்கியது என்று யாரிடமும் சொல்லாதே. மேலே போனதும் நின்றுவிட்டது. திரும்பி வர மனசே இல்லை. இன்னொரு ட்ரெய்லர் இருந்திருந்தால் அதிலும் நடந்திருப்பேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போன் போடு. எடுப்பேன். செத்தவள் குரல் கேட்டுப் பயந்துவிடாதே.

கடைசியாக ஒன்று. இந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். நிஜமாகவே நான் போகிற நாள் வரும்போது இதைத்தான் போட வேண்டும். கலரில் போடு, பேரைப் பெரிதாகப் போடு, மூலையில் ஏலப்பூவும் வை. மணி வேண்டாம், அதை உபதேசியார் ஏற்கெனவே அடித்துவிட்டார்.

அவசரம் ஒன்றும் இல்லை.

உயிரோடிருக்கும் உன் அக்கா
அன்னாள்